நானூறும் நானூற்று ஐம்பத்தைந்தும்

ஏப்ரல் 14, 2024. ஞாயிறு

என் தம்பி லைல் என் காரின் இன்ஜினைத் திருடி விற்றான். 1993 பிப்ரவரியில். நான் கூரையிலிருந்து விழுந்து, முதுகு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. இதை முதலில் எழுதி வைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குக் கீழே வரட்டும்.

கார் 1968 பான்டியாக் ஜி.டி.ஓ. இதே ஊரில், நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் செய்தது. இருபது வயதில் புதிதாக வாங்கினேன். அதனோடு பிறந்த இன்ஜின் நானூறு கன அங்குலம். லைல் அதைக் கழற்றிவிட்டு நானூற்று ஐம்பத்தைந்து ஒன்றை உள்ளே இறக்கி வைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பெரியது, வலு கூடியது. அதனால் என்ன? காரின் எண்ணை இன்ஜினிலும் குத்தித்தான் அனுப்புவார்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் அது அந்தக் கார்.

முப்பத்தொரு வருடம் அதை நான் சாலையில் இறக்கவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பேன், இறுகிப் போகாமல் இருக்க. என் மனைவி ஐரீன் இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அந்த இன்ஜின் உன்ன என்ன பண்ணுச்சு?" 2016-இல் இறந்துவிட்டாள். மறுபடி ஒரு தடவைகூட அவளை அதில் கூட்டிப்போகவில்லை.

வியாழக்கிழமை கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி தேய்கிறதாம். இந்த இலையுதிர் காலத்துக்குப் பிறகு ஓட்டக் கூடாது என்றார். அப்படியானால் இந்த ஆகஸ்ட் பதினேழுதான். வுட்வர்ட் சாலை முழுக்கப் பழைய கார்கள் வரும் அந்த ஒரு சனிக்கிழமை. என் காரில், அதனுடைய சொந்த இன்ஜினோடு, ஒரே ஒரு முறை.

சொந்த இன்ஜின் எங்கே இருக்கிறதோ.

ஏப்ரல் 20

ஓடவிட்டேன். பத்து நிமிடம். அணைத்தேன்.

ஏப்ரல் 27. சனி



இன்ஜின் வேலை செய்யும் ஆர்துரோ காலையில் ஃபோன் செய்தார். இம்லே சிட்டி பக்கம் ஒரு பண்ணைக்காரர் தன்னிடம் இருக்கும் பழைய பிளாக்கின், அதாவது இன்ஜினின் இரும்பு உடலின், எண்ணை அட்டையில் எழுதி, உதிரிபாகச் சந்தையில் மாட்டி வைத்திருக்கிறாராம்: 'இதன் கார் யாரிடம் இருக்கிறது?' பிளாக்கைத் துடைத்து எண் தெரிந்தால் காரைத் தேடுவது பழைய கார் வைத்திருக்கும் எங்கள் ஆட்களின் வழக்கம். அப்படித் தேடி எனக்கு வரும் என்று நான் நம்பியதில்லை. என் எண் ஆர்துரோவின் பட்டறைச் சுவரில் பதினைந்து வருடமாக ஒட்டியிருக்கிறது. எண்ணை வாசித்துவிட்டு அவர் சொன்னது: "மிஸ்டர் வெண்டல், உக்காந்துக்கிட்டுக் கேளுங்க."

நான் உட்காரவில்லை. நேரே போனோம்.

அவ்வளவு லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். பழைய எண்ணை ராவிவிட்டுப் புதிதாகக் குத்தி விற்கிறவர்கள் உண்டு. 1974-இல் தண்ணீர் பம்ப் மாற்றியபோது, பிளாக்கின் முன்முகத்தில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோனேன். இரண்டாவது ஏழு கொஞ்சம் சாய்ந்து குத்தியிருக்கும். காகிதத்தைப் பிளாக்கின் பக்கத்தில் பிடித்தேன்.

சாய்ந்துதான் இருந்தது.

பண்ணைக்காரர் அதை வயலுக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்திருக்கிறார். என் இன்ஜினை. சோளத்துக்கு. விரல் வைத்து அந்தச் சாய்ந்த எண்ணைத் தடவிக்கொண்டு நின்றேன். ஆர்துரோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மே 4

நானூறை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்தாயிற்று, பட்டறையில் இரண்டையும் பற்றிப் பேசினோம். ஆர்துரோ நேராகப் பேசுகிறவர். காரில் இருக்கும் பெரிய இன்ஜின் ஓடுகிறது, நாளைக்கே வுட்வர்ட் போகலாம் என்றார். நானூறைப் பிரித்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும். ஜூன் முதல் வாரத்துக்குள் நான் முடிவு சொன்னால் ஆகஸ்டுக்குத் தயாராகும். இல்லையென்றால் இல்லை.

"சொந்தப் பெண்டாட்டி வயல் வேலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கா. முதல்ல ஒடம்பு எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார்.

"வாயை மூடிட்டுப் பிரிங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த நானூறின் சத்தத்தை நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். 1968 ஜூலை. ஐரீன் பக்கத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு. லைல் பின்சீட்டில், பதினைந்து வயது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பக்கத்துக் காரில் இருப்பவனைப் பார்த்து, "எங்கண்ணன் இன்னும் ரெண்டாவது கியர்லதான்டா இருக்கான்" என்று கத்திக்கொண்டு. நான் நான்காவதில், கடைசி கியரில் இருந்தேன். தோற்றுக்கொண்டிருந்தேன்.

சத்தம் வரவில்லை. அவன் கத்தியதுதான் வருகிறது.

மே 18. சனி

பிளாக்கைக் கழுவி எடுத்தாயிற்று. வலது பக்கம் ஒரு வெடிப்பு. ஒரு சாண் நீளம். யாரோ வரிசையாகத் திருகாணி இறக்கித் தைத்து அடைத்திருக்கிறார்கள்.

"இது தண்ணி ஒறஞ்சு வெடிச்சது" என்றார் ஆர்துரோ.

பண்ணைக்காரன் குளிர்காலத்தில் வெளியே போட்டிருப்பான், மடையன், என்றேன். அங்கிருந்தே அவருக்கு ஃபோன் செய்து கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை. வாங்கும்போதே வெடித்துத்தான் இருந்தது, விற்றவர் வெடிப்பைக் காட்டித்தான் கொடுத்தார், பழைய இரும்பு விலைக்கு. தைத்தது பண்ணைக்காரரேதானாம். இப்படிச் சொல்லிவிட்டு, "நல்ல மனுஷன். நேர்மையா காட்டினாரு" என்றும் சொன்னார்.

லைலைச் சொல்கிறார்.

ஃபோனை வைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்படியானால் என் கராஜில் வைத்தே வெடித்திருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில். தண்ணீர் உறையாமல் காக்கும் கூலன்ட் இல்லாமல் என் கராஜில் யார் விட்டது?

மே 19

காருக்குச் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 1992 நோட்டை எடுத்தேன். நவம்பர் 11, என் கையெழுத்து: 'ரேடியேட்டர் அலசினேன். வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. கூலன்ட் சனிக்கிழமை ஊற்ற வேண்டும்.'

கூரையிலிருந்து விழுந்தது அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை.

மே 20

ஒன்றும் இல்லை.

மே 22

வெடித்ததை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். இதில் நான் மாற மாட்டேன்.

மே 25. சனி

லைல் வீட்டுக்குப் போனேன். நான்கு மைல். முப்பத்தொரு வருடத்தில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டோம், இரண்டும் சவ அடக்கத்தில். வாசலில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வழுக்கை. அது எனக்குத் தெரியாது, தொப்பியோடுதான் பார்த்திருக்கிறேன்.

எழுந்திருக்கவில்லை. "காபி வேணுமா, இல்ல நேரா திட்ட ஆரம்பிச்சிருவியா?"

"பிளாக்கப் பாத்தேன்."

ஸ்பானரைக் கீழே வைத்தான். "தச்சிருக்காங்களா?" என்று கேட்டான். தைத்திருக்கிறார்கள் என்றேன். நன்றாகத் தைத்திருக்கிறார்களா என்றான். நன்றாகத்தான் என்றேன். இரண்டு பேரும் இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், வேறு எதையும் தொடாமல்.

பிறகு கேட்டுவிட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். யாரோ அதுக்குள்ள உங்கிட்ட வித்ததச் சொல்லிட்டாங்க. கதவுக்கிட்ட நிக்கும்போதே திருடன்னு சொன்ன. நர்ஸ் முன்னாடி. அப்புறம் எனக்கும் வீம்பு வந்துருச்சு, வெண்டல். இந்தக் குடும்பத்துல உனக்கு மட்டும்தான் வீம்பா?"

"ஒரு காயிதமாவது போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். நீ ஒரு தடவ கேட்டிருக்கலாம்."

பெரிய இன்ஜின் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். தன் சொந்தக் காரான பான்டியாக் 'போனவில்'லிலிருந்து கழற்றியது என்றான். நான் எழுந்து நடக்கும்போது ஓட்டுவதற்கு ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தானாம். அந்த வசந்தம் முழுக்க அவன் பஸ்ஸில் வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். குடிக்கிறான், லைசென்ஸ் போய்விட்டது என்று நானே நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

காபி கொடுத்தான். சர்க்கரை போட்டிருந்தான். எனக்குச் சர்க்கரை ஆகாது. குடித்தேன்.

"ஓட்டிப் பாத்தியா அத?" என்றான் நான் கிளம்பும்போது.

இல்லை என்றேன்.

"ஒரு தடவ கூடவா?"

காபிக் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 1

ஆர்துரோ முடிவு கேட்கிறார். நானூறை வைக்கலாம், எண் ஒத்துப்போகும், கண்காட்சிக்காரர்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள் என்கிறார். ஆனால் வெடிப்பில் போட்ட தையல், நெரிசலில் சூடேறினால் எவ்வளவு தாங்கும் என்று அவரால் சொல்ல முடியாது. பம்புக்கு ஓடியதும் வுட்வர்டில் ஊர்ந்து போவதும் ஒன்றல்ல.

நாளை சொல்கிறேன் என்றேன்.

முப்பத்தொரு வருடம் எனக்கு எது வேண்டும் என்று தெரியாத நாளே இல்லை. இன்றைக்குத் தெரியவில்லை.

ஜூன் 2. ஞாயிறு

ஓட்டினேன்.

கராஜ் கதவைத் திறந்து, பத்து நிமிடம் ஆன பிறகும் அணைக்காமல், கிளட்ச்சை விட்டேன். லைலின் இன்ஜின் ஒரு முறை முனகியது, பிறகு காரைத் தூக்கிக்கொண்டு போனது. தெரு முனைவரை முதல் கியர்தான். நின்ற இடத்தில் கேட்ட சத்தம் வேறு, ஓடும்போது வருவது வேறு. நெஞ்சுக்குள் கேட்கிற சத்தம். இதையா இத்தனை வருடம் பத்துப் பத்து நிமிடமாக அணைத்து வைத்தேன். ஐரீன், நீ செருப்பைக் கழற்றியிருப்பாய்.

திருப்பத்தில் ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். நான் பார்க்கவில்லை. சாலை இருந்தது, மரம் இருந்தது, நடுவில் அவள் இல்லை. அவள் கத்தியதும்தான் பிரேக்கை மிதித்தேன். இரண்டடி இருக்கும்போது நின்றது. திட்டிவிட்டுப் போனாள். திட்ட வேண்டியதுதான்.

இன்ஜினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இலையுதிர் காலம் என்று டாக்டர் சொன்னது தாராளக் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர்தான் காரைக் கொண்டுவந்து கராஜில் விட்டார்.

ஆகஸ்ட் பதினேழும் இல்லை. எந்த இன்ஜினோடும் இல்லை. போன வருடம் முடிந்திருக்கும். அதற்கு முந்தின வருடமும். முடிந்த வருடங்களில் நான் எண் ஒத்துப்போகவில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 3

ஆர்துரோவுக்கு ஃபோன் செய்யவில்லை.

ஜூன் 8. சனி

முடிவு செய்துவிட்டேன். செய்ய வேண்டியவை:

பெரிய இன்ஜின் காரிலேயே இருக்கும். நானூறை ஆர்துரோ எண்ணெய் தடவி, தாங்கியில் ஏற்றி, என் கராஜ் மூலையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். வெடிப்பு இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்க வேண்டாம். தெரியும்படி வைக்கட்டும்.

பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணை அவர் கிழித்துப் போடலாம்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க நானே போக வேண்டும். யாரும் வந்து வாங்கும்வரை காத்திருக்கக் கூடாது.

லைல் குடிக்கிறான் என்று நான் சொன்ன நான்கு பேரில் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பேச வேண்டும்.

கியர் மாற்றும் கம்பி மூன்றாவதில் சிக்குகிறது. அதை லைல் பார்க்க வேண்டும், ஓட்டப்போகிறவன் அவன். ஆகஸ்ட் பதினேழு காலை ஏழு மணிக்கு அவன் இங்கே இருக்க வேண்டும். சொல்ல வேண்டியது நான். 'ஓட்டுவாயா' என்று கேட்க மாட்டேன். நேரத்தை மட்டும் சொல்வேன், அவனுக்குப் புரியும்.

ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டில், வலப்பக்க ஜன்னலின் கைப்பிடி இறுகிக் கிடக்கிறது, கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை. அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை, அதனால் கவனிக்கவில்லை. அதை நான் சரிசெய்ய வேண்டும், நாளைக்கே. நான் தலையை வெளியே நீட்டிக் கத்தும் அளவுக்கு இறங்க வேண்டும்.