கடைசிப் பெட்டியில் ஒரு புளியங்கொட்டை

சேசு மரி சூசை துணை

வில்லியனூர்
1934, தை மாதம்

அன்பு மகன் அமிர்தசாமிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சைகோன் சீமையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு மட்டும் கோளாறு உடம்பிலா மனசிலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சம்பா அறுப்பு முடிந்தது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் தங்கச்சி அல்போன்சாவின் பிள்ளைக்கென்று நீ கொடுத்தனுப்பிய சாவி கொடுக்கிற பொம்மை ரயிலும் வந்து சேர்ந்தது. அந்தப் பிள்ளை இன்னும் குப்புறக்கூட விழவில்லை, அதற்கு எதுக்கப்பா ரயிலு? கூட வந்த கடுதாசியில் உனக்கு மலை ரயிலில் வேலை கிடைத்ததையும், கடைசிப் பெட்டியில் நின்று பிரேக் பிடிப்பதையும் எழுதியிருந்தாய். ரயில் மாடிப்படி மாதிரி செங்குத்தாக ஏறும் என்று பெருமை வேறு. நான்தான் வாசித்துக் காட்டினேன். அப்பா நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பிடித்தது பைத்தியம். ரயிலைத் தரையில் விட்டால் அழகாகத்தான் ஓடுகிறது, ஆனால் அவருக்கு அது ஏற வேண்டுமாம். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து, பலகையைச் சாய்த்து, அதன்மேல் ரயிலோடு வந்த தண்டவாளத்தை வைத்தார். பாதி தூரம் ஏறி, சக்கரம் சும்மா சுற்றி, மொத்தமும் பின்னாலேயே சரிந்து விழுந்தது. மணல் தூவினார், எஞ்சின்மேல் ஈயக்குண்டு கட்டினார், அப்போதும் சரிந்தது. பிறகு கொல்லன் பக்கிரியிடம் கம்பி அடித்து வாங்கித் தண்டவாளத்தை நீட்டி, வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கிற மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு, கூடத்திலிருந்து மாட்டுக்கொட்டகை வரைக்கும் செங்கல் அடுக்கிச் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். குழம்புச் சட்டியோடு நான் தாண்டித் தாண்டிப் போகிறேன், இது இன்னா வூடா இஸ்டேஷனா என்று கத்தியும் பார்த்தேன். அந்தச் சாய்வில் ரயில் மேலே வரைக்கும் ஏறிவிட்டதப்பா, சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவன் மலை இப்படி இல்லியே எலிசா என்று சொல்லிவிட்டு மறுபடியும் மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை.

நேற்று ரயில் கவிழ்ந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். எஞ்சின் ஒரு பக்கம் கிடக்கிறது, இவர் அதை எடுக்காமல் தரையில் எதையோ துழாவுகிறார். பார்த்தால் ஒரு புளியங்கொட்டை. ஊதித் துடைத்துக் கடைசிப் பெட்டிக்குள் வைத்தார். இன்னாங்க இது என்றேன். நம்ம பையன் என்றார். அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பொம்மை சரிகிற ஏற்றத்தில் உன் ரயில் மட்டும் எப்படிச் சரியாமல் நிற்கிறது, எது அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? அதை மறு கப்பலிலேயே எழுது. நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே, அப்பா பேருக்கே எழுது. மலையில் குளிருமே, கம்பளிச் சட்டை போட்டுக்கொள், செபமாலையை விடாதே, பிரேக்கையும் விடாதே. மாதா உன்னை ஏற்றத்திலும் இறக்கத்திலும் கைவிட மாட்டாள். இதை எழுதும்போதே பார்க்கிறேன், இனி விழாமல் இருக்கப் புளியங்கொட்டையைச் சோற்றுப் பசை வைத்துப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் எழுதப்பா.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
எலிசா மரியசுந்தரம்