அக்காவின் கேமராவும் என் ஃபிளாஷும்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஸ்டுடியோவைத் திறந்து பெருக்கக்கூட இல்லை. அதற்குள் அக்கா தன் கேமராவின் திரையை என் பக்கம் திருப்பி, "பாரு, நீ தலையை எப்படித் திருப்பினாலும் இந்தச் சின்னக் கட்டம் உன் கண்ணை விட்டுப் போகுதா பாரு" என்கிறாள். போகவில்லைதான். நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலேயே வருகிறது. அதற்கு நான் என்ன செய்யவேண்டும், தட்டில் பால் ஊற்றவேண்டுமா?

விஷயத்தை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. ஸ்டுடியோ எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம், பன்னிரண்டு வருஷமாக. போன வருஷம் அவள் வேறு கேமரா கம்பெனிக்கு மாறினாள். உள்ளே கண்ணாடி இல்லாத புது மாதிரி. நான் என் பழைய கம்பெனியோடு, அமுக்கினால் உள்ளே கண்ணாடி டப்பென்று அடிக்கிற கேமராவோடு இருக்கிறேன். அவள் லென்ஸ் எனக்குச் சேராது. என் ஃபிளாஷ் அவளுக்குச் சேராது. போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் என் லென்ஸ் மக்கர் செய்தபோது அவள் பையில் மூன்று லென்ஸ் சும்மா கிடந்தன, ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அன்றிலிருந்து "ஒரே கம்பெனி, ஒரே கம்பெனி" என்று ஒரே பாட்டு.

மாதக் கடைசிக்குள் முடிவு. எந்தக் கம்பெனி ஜெயிக்கிறதோ அந்தக் கேமராக்காரி முன்னால் நின்று எடுப்பாள். மற்றவள் லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கவேண்டும்.

நான் நடக்கமாட்டேன்.

மார்ச் 5, புதன்

சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறாள். ஆட்டோஃபோகஸுக்கு ஒரு வரிசை, ஃபிளாஷுக்கு ஒரு வரிசை. என் பெயருக்குக் கீழே கட்டம் சின்னதாக இருக்கிறது. வேண்டுமென்றே.

மார்ச் 8, சனி

ஜெயித்தேன்! ஒரு அதிகாரி ஓய்வுபெறுகிற விருந்து. மண்டபத்தில் மேடையைத் தவிர எல்லா விளக்கையும் குறைத்துவிட்டார்கள், பாட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்குமாம். அக்காவின் கேமரா முன்னும் பின்னும் துழாவுகிறது, துழாவுகிறது, கிடைக்கவே இல்லை. கடைசியில் அதன் பச்சை விளக்கைப் போட்டாள். விருந்தாளிகள் போலீஸ் டார்ச் அடித்த மாதிரி முழித்தார்கள். என் ஃபிளாஷ் சத்தமில்லாமல் ஒரு சிவப்புக் கோட்டு வலையை முகத்தில் வீசும், அதைப் பிடித்துக்கொண்டு கேமரா ஒரே அடியில் ஃபோகஸ் செய்யும். இது அவள் கேமராவுக்குப் புரியாத பாஷை.

அதோடு இன்னொன்று. அவள் ஃபிளாஷ் வெளிச்சத்தை அளக்க முதலில் ஒரு சின்ன மின்னல் விட்டு அப்புறம் பெரியதை அடிக்கும். என்னுடையதும் அப்படித்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாது. அவளுடையதில் அந்த அதிகாரிக்குக் கண் சிமிட்ட நேரம் கிடைத்துவிடுகிறது. ஒன்பது படத்தில் மனிதர் தூங்குகிறார். ஓய்வுபெற்றதும் உடனே வேலையை ஆரம்பித்துவிட்டார் போல.

நான் என் வெளிச்சத்தைக் கூரையில் அடித்து இறக்கினேன். ஒருவர் முகத்திலும் எண்ணெய் வழியவில்லை.

வண்டியில் வரும்போது சொல்கிறாள்: "இருட்டுல மட்டும் நல்லா எடுக்கிறவளை என்னன்னு சொல்றது?"

"வேலை தெரிஞ்சவன்னு சொல்லு."

வேகத்தைக் கூட்டினாள், வீடு சீக்கிரம் வந்தது. நிம்மதி.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றைய சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. கல்யாண வரவேற்பு ஆல்பம் அச்சாகி வந்தது. புரட்டிப் பார்த்தேன். பெண்ணின் முகத்தை நெருக்கமாக நான் எடுத்தது முப்பதுக்கு மேல். ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை! கூட்டம், மேடை, தூரத்துப் படங்கள் மட்டும் என்னுடையவை. நெருக்கமான முகங்கள் எல்லாம் அவள் எடுத்தவை.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படம் பொறுக்குவது அவள் வேலை. லைட் என் வேலை. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தது யார்? நானேதான்.

கேட்டேன். "உன்னுது சரியா வரலை" என்றாள், திரையைவிட்டுத் திரும்பாமலே. எது சரியாக வரவில்லை? கேட்டால் அடுத்த ஆல்பத்தைத் திறக்கிறாள். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர், "ரெண்டு பேரும் ஆளுக்கொரு மொபைல்ல எடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்" என்கிறார். இவரிடம் சொன்ன என்னைச் சொல்லவேண்டும்.

மார்ச் 13, வியாழன்

டேபிள் டென்னிஸ் போட்டி. ஃபிளாஷ் போடக்கூடாது என்றார்கள். என் ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

அவள் கேமரா பந்து அடிக்கிற பெண்ணின் கண்ணைப் பிடித்தது பிடித்ததுதான், கை குறுக்கே வந்தால்கூட விடவில்லை. நான் எப்போதும்போல் ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, அதைக் கண்மேல் நிறுத்தி அமுக்கினேன். இருபது வருஷமாக அப்படித்தான். கேமராவுக்கு என்ன தெரியும், எது முக்கியமான கண் என்று நான்தான் சொல்லவேண்டும்.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். என்னுடையது நாற்பதில் பதினொன்று தேறியது. மற்றதில் காது பளிச்சென்று இருக்கிறது. ஜடைப் பின்னல் பளிச்சென்று இருக்கிறது. ஒன்றில் பின்னால் உட்கார்ந்திருக்கும் நடுவரின் கைக்கடிகாரம். கண் மட்டும் மங்கல்.

அக்கா சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அட்டையில் அமைதியாக எழுதினாள், 40க்கு 11.

எனக்கு அப்போதுதான் உறைத்தது — இன்று முழுக்க வியூஃபைண்டர் கலங்கலாகத்தான் இருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தத் துளைக்குப் பக்கத்தில் அவரவர் பார்வைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதை யாராவது திருப்பியிருந்தால்? யாராவது என்ன யாராவது. கேமரா ராத்திரி ஸ்டுடியோவில்தானே இருக்கிறது, சாவி அவளிடம்தானே இருக்கிறது?

மார்ச் 14, வெள்ளி

கேட்டுவிட்டேன். பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு அம்மா காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே கேட்டேன்.

"உன் கம்பெனி ஜெயிக்கணும்னு என் கேமரால கை வெச்சியா இல்லையா? சக்கரத்தைத் திருப்பினியா இல்லையா?"

முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. அப்புறம் சொன்னாள்: "ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னாளாம்."

என்ன வார்த்தை! எனக்கா ஆடத் தெரியாது? இவளுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நான். நாக்கில் நரம்பில்லாமல் நானும் நாலு பேசினேன். திருடி என்றேன். ஆல்பத்திலிருந்து என்னைத் திருடுகிறாய் என்றேன். பாஸ்போர்ட் அம்மா படம் எடுக்காமலே எழுந்து போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

அவள் முன் அறை, நான் பின் அறை. நடுவில் அட்டை.

மார்ச் 17, திங்கள்

பொறி வைத்திருக்கிறேன். சக்கரத்தை எனக்குக் கூடியவரை தெளிவாகத் தெரிகிற இடம்வரை திருப்பி, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு கிழித்திருக்கிறேன். தொட்டால் கோடு விலகும். நாளைக்குத் தெரிந்துவிடும் கள்ளி யார் என்று.

மார்ச் 18, செவ்வாய்

டேப் அப்படியே இருக்கிறது. கோடு அப்படியே இருக்கிறது. வியூஃபைண்டர் கலங்கல்.

டேப்பைப் பிய்த்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பலாம் என்று பார்த்தால் சக்கரம் திரும்பவில்லை. கடைசி. அதற்குமேல் போக இடமில்லை. எத்தனை மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நானே திருப்பி வந்திருக்கிறேன்? யோசித்துப் பார்த்தால் — மழை நாட்களில் ஒரு தடவை. கண்ணாடி அழுக்கு என்று நினைத்து ஒரு தடவை. அப்புறம் கணக்கே இல்லை.

இடது கண்ணை மூடினேன். வலது கண்ணால் மட்டும் எதிரே கதவு நிலையைப் பார்த்தேன். நிலை நடுவில் வளைந்திருந்தது. வலதை மூடி இடதால் பார்த்தேன். நேராக இருந்தது. திரும்ப வலது. வளைவு. காலண்டர் கட்டம், அலமாரி விளிம்பு, எல்லாம் நடுவில் நெளிகிறது.

இருபது வருஷமாக வலது கண்ணால்தான் படம் எடுக்கிறேன். இதற்குமேல் எழுத வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினாள். சொட்டு மருந்து விட்டாள். விழித்திரைக்கு நடுவில் மெல்லிய சவ்வு படர்ந்து அதைச் சுருக்கி இழுக்கிறதாம்.

"ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண் மத்ததோட குறையை மறைச்சிடும். அதனாலதான் உங்களுக்குத் தெரியல. நீங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்றவங்க. உங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கவேண்டும். நான் அக்காவைத் திருடி என்றேன்.

ஆபரேஷன் செய்தால் மோசமாகாமல் நிற்கும், ஓரளவு திரும்பலாம், முழுக்க வரும் என்று சொல்லமுடியாதாம்.

மார்ச் 22, சனி

சொன்னேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ரிப்போர்ட்டை அவள் மேஜையில் வைத்தேன். படித்தாள். அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். பத்து மாதப் படங்கள். எல்லாம் என்னுடைய நெருக்கமான முகங்கள், எல்லாவற்றிலும் கண் மங்கல். ஒவ்வொரு ஆல்பத்திலிருந்தும் எடுத்து ஒதுக்கியிருக்கிறாள். அந்த இடத்தில் தன் படத்தைப் போட்டு, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் சமாளித்திருக்கிறாள்.

எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் தலைக்கு ஏறியது. "பத்து மாசம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா அப்பவே டாக்டர்கிட்ட போயிருப்பேனே!"

"உன் கேமராதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்டி" என்றாள். "அதான் கம்பெனியை மாத்து மாத்துன்னு கத்தினேன். நீதான் அந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழுதே. உன் கண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல. உன் கண்ணுன்னு எப்படித் தோணும்?"

நான் பின் அறைக்குப் போய்விட்டேன். இரண்டு பேரும் முட்டாள்கள். பத்து மாதம் கேமராவைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்த இரண்டு கேமராக்காரிகள்.

மார்ச் 25, செவ்வாய்

அட்டையில் என் கையால் எழுதினேன். ஆட்டோஃபோகஸ், அவளுடையது. ஃபிளாஷ், என்னுடையது, இப்போதும் என்னுடையது, யார் வந்து சொன்னாலும். கீழே கையெழுத்துப் போட்டேன். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கத் தயார் என்று அவளிடம் சொன்னபோது எனக்கு வாய் கசந்தது.

"உன்னை ஸ்டாண்ட் தூக்க விட்டா வர்ற போறவங்களை எல்லாம் அதால அடிப்பே" என்றாள். அவள் கம்பெனியிலேயே எனக்கும் ஒரு கேமராவுக்குச் சொல்லியிருக்கிறாளாம்.

"எனக்கு எதுக்கு? இரக்கமா?"

"பைத்தியமா? எனக்கு ஃபிளாஷ் வராது."

அவள் வாயால் ஒத்துக்கொண்டாள்! தேதியோடு எழுதி வைத்தாயிற்று.

ஏப்ரல் 9, புதன்

ஆபரேஷன் இருபத்திரண்டாம் தேதி. அதுவரை, அதற்குப் பிறகும், இடது கண்தான்.

என் புதுக் கேமரா வந்தது. நேற்றே வந்துவிட்டது, அக்கா பெட்டியைப் பிரித்து வைத்திருந்தாள். அடுத்தவள் பெட்டியைப் பிரிப்பது அவளுக்குப் பிறவிப் பழக்கம். இந்தக் கேமராவைத் திட்ட ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தேன். இடது கண்ணில் வைத்தால் மூக்கு பின்னால் இருக்கிற தொடுதிரையில் இடிக்கும், இடித்தால் ஃபோகஸ் கட்டம் கண்டபடி ஓடும். இடது கண்காரர்கள் எல்லாரும் இதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். எடுத்து வைத்தேன். மூக்கு இடித்தது. கட்டம் ஓடவில்லை. நன்றாக அழுத்தித் தேய்த்தேன், நகரவில்லை.

மெனுவில் தேடினேன். கண்ணை வைத்திருக்கும்போது திரை வேலை செய்யாதபடி நிறுத்தியிருந்தது. கம்பெனியிலிருந்து அப்படி வராது.

திரையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். வலது பாதியில் முகப்பவுடர் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக நிறைய. நான் பவுடர் போடுவதில்லை, அக்காதான் போடுவாள். அக்கா வலது கண்ணால் எடுப்பவள், அவள் கேமராவில் அவள் மூக்குத் தடம் எப்போதும் இடது ஓரத்தில்தான் இருக்கும். வலது பாதியில் மூக்கு படவேண்டுமானால் இடது கண்ணை வைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

முன் அறைக்குப் போனேன். "மட்டமான பவுடர்க்கா, திரை பூரா அப்பிக் கிடக்கு" என்றேன்.

"தொடச்சுட்டு வேலையைப் பாருடி" என்றாள், கம்ப்யூட்டரைவிட்டுத் திரும்பாமல்.