பொத்தானை விடுங்கப்பா

அப்பா,

நேற்று மாலை பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற போலீஸ்காரரின் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி திடீரென்று இரைந்தது. யாரோ பேசி முடித்து விரலை எடுத்ததும் வருமே, 'கர்ர்' என்று ஒரு சின்ன இரைச்சல், அதுதான். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கால் நகரவில்லை. வந்து நின்ற பேருந்து நிரம்பிப் போய்விட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா மீன் வாங்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவதைத் தவிர உங்களுக்கு எழுத்து தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தையும் நானேதான் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். படிக்கும்போது என் குரல் எந்த இடத்தில் உடையும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுவதே மேல்.

நான் பி.ஏ. முடித்து வீட்டில் இருந்த வருஷம் அது. நம் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று நீங்கள் மதகுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஆனால் நாலு பேர் முன்னால் பெயர் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. வெள்ளக் காலத்துக்கு மட்டும் மூன்று மாதத் தற்காலிக வேலை என்று உங்கள் பாசன அலுவலகத்தில் கூப்பிட்டபோது, எதிரே இருந்தவர் மூன்று முறை கேட்டபின்தான் பெயரைச் சொன்னேன். "என்னம்மா, பேரையே இப்படி ரகசியமா சொல்றே?" என்று சிரித்தார். இருந்தும் வேலை கொடுத்தார்கள். அந்த வருஷம்தான் ஆற்றோர மதகுகளுக்குக் கையில் பிடித்துப் பேசும் வயர்லெஸ் செட்டுகள் வந்திருந்தன. கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துத் தமிழில் எழுத ஆள் தேவைப்பட்டது.

எழுதினேன். ஒரு பெரிய தாளில், பத்து விதிகள். ஏரியல் கம்பியைப் பிடித்துச் செட்டைத் தூக்கக் கூடாது. பேசும்போது கம்பி முகத்திலோ கண்ணிலோ படக் கூடாது. வாய்க்கும் செட்டுக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டுப் பிறகு பேச வேண்டும், இல்லையென்றால் முதல் வார்த்தை போய்ச் சேராது. பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லி விரலை எடுத்துவிட வேண்டும். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை அவருக்கு எதுவும் கேட்காது, மற்றவர் யாரும் பேசவும் முடியாது. தேவையானதை மட்டும் பேச வேண்டும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, கட்டுப்பாட்டு அறையில் என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். செட்டில் அந்த அறைக்குப் பெயர் 'நிலையம்'.

பூவத்துக்கு ஒரு செட், வரிச்சிக்குடிக்கு ஒன்று, விழிதியூர் மதகுக்கு ஒன்று. விழிதியூர் மதகின் லஸ்கர் நீங்கள். இருபத்திரண்டு வருஷமாக ஷட்டரை ஏற்றி இறக்கி, அளவுக் கல்லில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துச் சொல்லி வந்தவர். அதுவரை சைக்கிளில் போய்ச் சொல்வீர்கள். இனி என்னிடம் சொல்ல வேண்டும்.

செட்டைக் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? அலுவலகத்து முற்றத்தின் ஒரு கோடியில் உங்களை நிற்க வைத்து, மறு கோடியில் ஓர் உதவி இன்ஜினியர் நின்றார். பேசிப் பார்க்கச் சொன்னார்கள். நீங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினீர்கள். செட்டை இரண்டு கையாலும் பிடித்து, பொத்தானை அழுத்தி, "ஐயா, வணக்கங்கய்யா!" என்றீர்கள். அவ்வளவுதான். அப்படியே நின்றீர்கள். விரலை எடுக்கவில்லை. அங்கே இன்ஜினியர் தன் செட்டில் ஏதேதோ சொல்கிறார், உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் ஓடிவந்து உங்கள் பெருவிரலைப் பிடித்து இழுத்தேன்.

"பொத்தானை விடுங்கப்பா!"

"ஐயா பதில் சொல்லலியே, எப்புடி விடுறது?"

"விட்டாத்தாம்பா அவங்க பேசுறது கேக்கும்."

"அதெப்புடிம்மா? அதிகாரி 'சரி போ'ன்னு சொல்றதுக்கு முன்னால திரும்பி நடக்குற மாதிரில்ல இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அதிகாரிகள் முன்னால் நின்று, அவர்கள் தலையசைத்த பிறகே நகர்ந்த உடம்பு உங்களுடையது. விரலும் அந்த உடம்பில்தானே இருந்தது.

வீட்டில் பழக்கினேன். ரெக்சோனா சோப்பு டப்பாதான் செட். நீங்கள் கொல்லைப்புறம், நான் வாசல். அழுத்து, மூச்சு விடு, பேசு, ஓவர், எடு. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. "அப்பனும் மவளும் சோப்பு டப்பாவுல கொஞ்சிக்கிறீங்க. என்கிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க." நீங்கள் டப்பாவை வாயருகே கொண்டுபோய், "நெலையம், நெலையம், இங்க ஒருத்தி சண்டைக்கு வர்றா, என்ன பண்றது, ஓவர்" என்றீர்கள்.

நான்கு நாளில் பிடித்துக்கொண்டீர்கள். பூவத்து ஆளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. நீங்கள் மழைக்குச் செட்டைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, மாற்று பேட்டரியை அரிசிப் பானைக்குள் காயவைத்து எடுத்துப் போவீர்கள். அது என் தாளில்கூட இல்லை, உங்கள் சொந்த யோசனை. காலை ஆறு மணிக்கு உங்கள் குரல் வரும். "நெலையம், விழிதியூர். அளவுக் கல்லு ரெண்டே முக்கால். சொல்லிட்டேன், ஓவர்." வீட்டில் என்னை 'வா, போ' என்பவர், செட்டில் மட்டும் "சொல்லுங்க நெலையம்" என்பீர்கள். முகம் தெரியாத இடத்தில் எனக்கும் பேச்சு வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது தலை நிமிராமலே சொன்னீர்கள்: "ஒங்கொரலு நல்லா தெளிவா வருதும்மா. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு."

இனி எழுத வேண்டியதை எழுதத்தான் வேண்டும்.

மூன்று நாளாக விடாத மழை. அன்று பகல் இரண்டு மணி இருக்கும். வானம் கறுத்திருந்தாலும் அறையில் விளக்குப் போட வேண்டியிருக்கவில்லை. பெரிய இன்ஜினியர் வந்து என் மேசைக்குப் பின்னால் நின்றார். காலையிலிருந்து எழுதி வைத்த அளவுகளைப் பார்த்தார். "விழிதியூர்லேர்ந்து மணி தவறாம வருதே. யாரும்மா அங்க?" என்றார்.

"எங்கப்பா சார்" என்றேன். மூன்று முறை கேட்க வைக்கவில்லை. ஒரே முறை, கேட்கும்படி சொன்னேன்.

"அடடே, அப்படியா!" என்றார்.

அப்போது நீங்கள் கூப்பிட்டீர்கள். "நெலையம், விழிதியூர், ஓவர்." நான் 'சொல்லுங்க விழிதியூர்' என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். என் கையால் எழுதி ஒட்டிய விதி எதிர்ச் சுவரில் இருந்தது. நான் சொன்னது இது: "சொல்லுங்க விழிதியூர். பெரிய சார் இங்க பக்கத்துல நிக்கிறாங்க. நீங்க சொல்றத அவங்களே கேக்குறாங்க, ஓவர்."

அதற்கு எந்தத் தேவையும் இல்லை. என் அப்பாவைப் பெரியவர் கேட்கட்டும் என்ற ஆசைதான். உங்களுக்கும் அது தெரியட்டும் என்ற ஆசை.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு உங்கள் குரல் வேறு மாதிரி வந்தது. "ஐயா, வணக்கங்கய்யா. அளவுக் கல்லு நாலே காலுங்க. ஷட்டரெல்லாம் ஏத்தியாச்சுங்க. கரை நல்லாருக்குங்க. உத்தரவு சொல்லுங்கய்யா."

ஓவர் வரவில்லை. விரல் எடுக்கும் அந்த இரைச்சலும் வரவில்லை.

அதே நேரம் மேசையில் போன் அடித்தது. ஆற்றின் மேல்பக்கம் இருந்த அணையிலிருந்து. இன்ஜினியர் எடுத்தார். கதவுகளையெல்லாம் ஒரே சமயத்தில் தூக்கிவிட்டார்களாம், தண்ணீர் சுவர் மாதிரி வருகிறதாம், பத்து நிமிஷத்தில் விழிதியூரில் இருக்குமாம். போனை வைக்காமலே என்னைப் பார்த்துக் கத்தினார்: "மதகுல இருக்கறவங்கள மேல ஏறச் சொல்லும்மா! ஒடனே!"

நான் அழுத்தினேன். "விழிதியூர், விழிதியூர், மதக விட்டு மேட்டுக்கு ஓடுங்க." விட்டேன். உங்கள் பக்கத்து மழைதான் கேட்டது, பாலித்தீன் பையின் மேல் விழும் மழை. மறுபடி அழுத்தினேன். விட்டேன். நீங்கள் இருமினீர்கள். உங்கள் விரல் பொத்தானில் இருந்தது அப்பா. அங்கே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்டது. நான் சொல்வது ஒன்றும் உங்களுக்குக் கேட்கவில்லை.

"அத நிறுத்தும்மா, நிறுத்திட்டுப் பேசு!" என்றார் இன்ஜினியர்.

"முடியாது சார். அவங்கதான் விடணும்."

அவர் வாசலுக்கு ஓடி ஜீப்பை அனுப்பினார். அந்தத் தூரத்துக்கு, அந்தச் சேற்றில், ஜீப் போய்ச் சேராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

உங்களோடு மதகில் வேலை பார்த்த பக்கிரி சித்தப்பாவின் குரல் கேட்டது. "என்னண்ணே, பதிலையே காணும்?"

"இரு. பெரிய ஐயா யோசிக்கிறாங்க. நடுவுல விடக் கூடாது."

"செட்டு கெட்டுப் போச்சோ என்னவோ. ஒரு தட்டு தட்டிப் பாரேன்."

"ஏய், பேசாம இருய்யா. நீ கத்துறது அங்க கேக்கும். எம்பொண்ணு பக்கத்துலதான் நிக்குது. அது சொல்லும்."

நான் செட்டைப் பார்த்துக் கத்தினேன். பொத்தானைக்கூட அழுத்தவில்லை. அழுத்தினால் உங்கள் குரல் நின்றுவிடும். "பொத்தானை விடுங்கப்பா! அப்பா, பொத்தானை விடுங்க!" அலுவலகமே வாசலில் வந்து நின்றது. பெயர் சொல்ல வாய் வராத பெண் போட்ட சத்தத்தை அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய ஒருவருக்குத்தான் கேட்கவில்லை.

"மேட்டுல கெடக்குற அந்தச் சாக்க எடுத்துட்டு வாய்யா, செட்டு நனையுது" என்று சித்தப்பாவை அனுப்பினீர்கள். அதனால் அவர் பிழைத்தார். அதற்குப் பிறகு உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. பிறகு மழையைவிடப் பெரிதாக ஒரு சத்தம். "ஆத்தி" என்றீர்கள். அப்புறம் 'கர்ர்' என்ற இரைச்சல்.

உடனே செட்டில் ஒரு குரல் வந்தது. எட்டு நிமிஷமாகப் பேச வழியில்லாமல் காத்திருந்த குரல். "நெலையம், பூவம். அளவுக் கல்லு மூணரை. எவ்வளவு நேரமாக் கூப்புடுறது, ஓவர்."

நான் அழுத்தினேன். ஒரு மூச்சு விட்டேன். "பூவம், நிலையம். மூணரை, எழுதிக்கிட்டேன். கரைய விட்டு மேல ஏறிடுங்க, தண்ணி வருது, ஓவர்" என்றேன். என் வாயிலிருந்து வந்த அது யார் குரல் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. வரிச்சிக்குடிக்கும் சொன்னேன். அவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். அதன் பிறகுதான் "விழிதியூர், விழிதியூர்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். இருட்டும் வரை கூப்பிட்டேன் என்று சொல்கிறார்கள்.

மறுநாள் தாழம்புதரில் உங்களைக் கண்டெடுத்தார்கள். துண்டு இடுப்பில் கட்டியிருந்தது. தோளில் போட்டிருந்தால் அடித்துப் போயிருக்கும், இடுப்பில் இறுக்கியிருந்ததால் போகவில்லை என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் எதற்காகத் துண்டை இடுப்பில் கட்டினீர்கள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வேலை எனக்கு நிரந்தரமாயிற்று. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஐப்பசிக்குச் செட்டுகளை எடுத்துக் கொடுக்கும்போது யார் பழக்கிக் கொடுப்பது? பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். முதல் விதி இப்போது இதுதான்: 'கேட்பவர் யாராக இருந்தாலும், பேசி முடித்ததும் விரலை எடு.' வருகிற லஸ்கர்களை வரிசையாக நிற்க வைத்து, எதிரே ஓர் அதிகாரியை உட்கார வைத்துப் பழக்குகிறேன். தயங்குகிற விரலை நானே பிடித்து எடுக்கிறேன். "பெரியவங்க இருக்கும்போது மரியாதைக் கொறைவா இருக்காதாம்மா?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்கிறார். "இருக்காது. கலெக்டரே நின்னாலும் எடுங்க" என்கிறேன். அவர் எடுத்த பிறகும் என் கை அவர் கையை உடனே விடுவதில்லை.

அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், கடைசியாக என்ன பேசினார் என்று. 'எம்பொண்ணு பக்கத்துலதான் நிக்குது' என்று சொன்னதாகச் சொன்னேன். அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அதற்கு முன்னால் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் சொல்லவில்லை. எட்டு நிமிஷத்தையும் சொல்லவில்லை.

போன மாசம் பக்கிரி சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா காபி போட உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பெரிய ஐயாவே கேக்குறாருன்னு நீ சொன்னப்ப அண்ணன் மொகத்தப் பாத்திருக்கணும்மா. இத்தன வருசத்துல அப்புடி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. செட்டக் கையால மூடிக்கிட்டு, 'எம்மவ சொல்லுது பாருய்யா'ன்னாரு. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. சந்தோஷமாத்தான் நின்னாரு."

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அம்மா காபியோடு வந்தாள், பேச்சு மாறிவிட்டது.

நான் சொன்ன வார்த்தையால்தான் நீங்கள் அங்கே நின்றீர்கள் என்பதை இத்தனை வருஷம் எப்படியோ தாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் அப்பா. அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள் என்பதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.