பாதி வெற்றிலை வடிவத்தில் ஒரு கத்தி

பென்னலூர்,
டிசம்பர் 9, திங்கட்கிழமை காலை

அன்பு சுந்தராம்பாளுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று வேல்விழி தினமும் சொல்கிறாள். ஆனாலும் நீ சொல்லிக் கேட்பது வேறு. கடிதம் என்றதும் பயந்துவிடாதே. நல்ல செய்திதான். நல்ல செய்தி என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தி கிடைத்துவிட்டது.

எந்தக் கத்தி என்று கேட்பாய். முறையாக ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. அதோடு அங்கே போனைப் பிடித்துக்கொண்டு மகள் உன் பக்கத்திலேயே நிற்கிறாள். மாப்பிள்ளையும் சோபாவில் இருக்கிறார்.

போன மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் பேசினோமே, அன்று வேல்விழி போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. நீ பையிலிருந்து உன் பழைய மடக்குக் கத்தியை எடுத்தாய். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் மற்ற டீச்சர்களுக்கெல்லாம் கொய்யா நறுக்கிக் கொடுப்பாயே, அதே கத்தி. வாதம் வந்த வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு அலகைப் பல்லால் கடித்து இழுத்தாய். வேல்விழி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். அவள்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் பிடுங்கியிருப்பேன். பழத்தை அவளே நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தட்டில் கொண்டுவந்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் என்னிடம், "அந்த வீட்டுக்கு வந்து நான் என்ன பண்ணப்போறேன்? ஒரு கொய்யாப்பழம் நறுக்க முடியல. இங்கயே இருந்துடறேன். எப்ப வர, எப்ப வரன்னு இனிமே கேக்காதீங்க" என்றாய்.

அதற்குப் பின் நான் கேட்கவில்லை.

என் புத்தி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் கம்பெனியில் மற்றவர்கள் செய்த பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று எழுதிவந்தவன். நீ சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒரு வரிதான். கொய்யாப்பழம் நறுக்க முடியவில்லை. அப்படியானால் நறுக்க முடிகிற கத்தி ஒன்று வேண்டும். நீ சொன்னதன் பொருள் அதுதானா, வேறு ஏதாவதா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான். வேறு ஏதாவது என்றால் அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கத்தி என்றால் கடைக்குப் போகலாம்.

ஒரு தாளில் தேவைகளை எழுதினேன். இடது கை ஒன்றாலேயே திறக்கவும் மூடவும் வேண்டும். பைக்குள் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது. கை நழுவி விழுந்தால் பாதத்தில் குத்தக் கூடாது. இழுத்து அறுக்க வேண்டியதில்லாமல், அழுத்தினாலே வெட்ட வேண்டும். கடைசியாக, யாருடைய உதவியும் வேண்டியிருக்கக் கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிவசங்கர் என்பவர் டூல்ஸ் கடை வைத்திருக்கிறார். வல்லம் வடகால் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் ஸ்பேனரும் கட்டரும் அவர்தான் போடுகிறார். ஒரு கிலோ கொய்யாவைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போகத் தைரியம் வராமல் எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்தேன். அப்புறம் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் உட்கார்ந்து, வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, அவர் காட்டிய கத்திகளை ஒவ்வொன்றாக இடது கையால் திறந்து பார்த்தேன். சரக்கு ஏற்ற வந்த வேன் டிரைவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். சிவசங்கர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, கத்தி வாங்க வந்தீங்களா, கொய்யாக்கா கடை போட வந்தீங்களா?" என்று கேட்டார். ஒரு டிரைவர் என்னிடமே உப்பு இருக்கிறதா என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் எழுந்து வரவில்லை. நான் எழுந்து வரவில்லை என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் கத்தி உன்னுடையதைப் போல, அலகில் நகக்குழி உள்ளது. ஒரு கையால் நகரவே இல்லை. இரண்டாவதில் பொத்தானை அழுத்தினால் அலகு தானே பாய்ந்து வருகிறது. நான்தான் நாற்காலியோடு பின்னால் போனேன். அதை மூடுவதற்கான பூட்டு வலது கைப் பெருவிரலுக்கென்று செய்தது. இடது கையால் அதைத் தள்ளப் போனால் விரல் அலகின் வழியில் போய் நிற்கிறது. லேசான கீறல்தான், ஆறிவிட்டது, வேல்விழியிடம் சொல்லாதே. மூன்றாவது, பெட்டிகளைக் கட்டியிருக்கும் பட்டையை அறுக்க லைனில் வேலை செய்கிறவர்கள் வாங்குவது. கிளி மூக்குப் போல உள்பக்கம் வளைந்தது. பட்டை பட்டென்று அறுந்தது. கொய்யா சட்னியாகிவிட்டது.

மூன்று நடை நடந்தேன். சனிக்கிழமை என்னைப் பார்த்ததும் சிவசங்கரே மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். யாரோ மாதிரிக்கென்று கொடுத்துவிட்டுப் போனதாம், இரண்டு வருடமாக ஒருத்தரும் சீந்தவில்லையாம். "மொனையே இல்ல சார். இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றார்.

சுந்தரா, அதைத் திறந்ததும் கத்தியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வெற்றிலையை நடுநரம்போடு நீளவாக்கில் கிழித்து, கூர் நுனியையும் கிள்ளிப் போட்டால் மிச்சம் எப்படி இருக்கும், அந்த வடிவம். வளைந்த பக்கம்தான் கூர். அழுத்தி, தொட்டில் ஆட்டுவது போல முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். அலகின் நடுவே கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. எந்தக் கையானாலும் விரலை அதில் வைத்துத் தள்ளினால் திறந்துகொள்கிறது. பூட்டு பிடியின் இரண்டு பக்கமும் சின்னக் குமிழாக இருக்கிறது. அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் மடங்கிவிடுகிறது. விரல் எங்கேயும் குறுக்கே வருவதில்லை. என் தாளை எடுத்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பரிசோதித்தேன். சோதனை நேர்மையாக இருக்க வேண்டும் என்று, வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டேன். கத்தி தேட ஆரம்பித்த முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான். கத்திக்கு மட்டும் கட்டினால் இடது கை பழகாது என்று காலையில் எழுந்ததிலிருந்தே கட்டிக்கொண்டேன். அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டுமா, வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். சட்டைக்கு ஒரு பொத்தான் போட எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. வேட்டி கட்டவே முடியவில்லை. பற்பசை மூடியைத் திறக்க அதைப் பல்லால் கடித்தேன். கடித்துக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கொஞ்சம் முயற்சி பண்ணினால்தானே வரும் என்று நான் உன்னிடம் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

கத்தி விஷயத்துக்கு வருகிறேன். இருபது பழம் பார்த்தேன். பதினேழு உருண்டு ஓடிவிட்டது. அலகை வைத்தால் பழம் நகர்கிறது; பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். கத்திக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினவன், பழம் உருண்டை என்பதை எழுதவில்லை. தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கொய்யாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டுப் பாப்பம்மாள் வந்தாள். இப்போது அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஆயிரம் பேருக்குக் காய் நறுக்குகிறாள். விஷயத்தைச் சொல்லிக் கத்தியை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றாள். "கீழ வெய்யி சார். கையில குடுத்தா உனுக்கும் எனுக்கும் சண்ட வரும். நீ சண்டைக்கு லாயக்கு இல்லாத ஆளு" என்றாள்.

கீழே வைத்தேன். இடது கையால் எடுத்தாள். அவள் இடது கைக்காரி என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். சோறு மட்டும்தான் வலது கையாம், அதுவும் அவள் அம்மா சூடு வைப்பேன் என்று மிரட்டியதால்தானாம். என் இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து, நனைத்துப் பிழிந்து, சும்மாடு போலச் சுருட்டி மேசையில் வைத்து, அதன் குழியில் பழத்தை உட்கார வைத்தாள். தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேலிருந்து ஒரே அழுத்து. இரண்டு பாதி. வெட்டின பக்கத்தைக் கீழே கவிழ்த்துவிட்டால் அப்புறம் அது எங்கே உருளும்? ஆட்டி ஆட்டி எட்டுத் துண்டு போட்டுவிட்டாள்.

என்னையும் செய்யச் சொன்னாள். என் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா ஒரே நாள்ல கத்துக்கும். நீதான் சார் பரிச்சையில பெயிலு" என்றாள். அப்புறம் சிரிக்காமல், "எப்ப சார் வருது அது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

நேற்று நாள் முழுவதும் செய்து பார்த்தேன். முப்பது பழத்தில் ஒன்றுகூட உருளவில்லை. தெருவில் எல்லோர் வீட்டிலும் இப்போது கொய்யாதான்.

கத்தியை இந்தக் கடிதத்தோடு இன்று கூரியரில் அனுப்புகிறேன். சும்மாட்டுக்கு ஒரு புதுத் துண்டும் வைத்திருக்கிறேன். வேல்விழிக்குத் தனியே ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன்: அம்மா நறுக்கும்போது பக்கத்தில் நிற்கலாம், கையை நீட்டக் கூடாது என்று. அவள் கோபித்துக்கொண்டால் என்மேல் பழியைப் போடு. முதலில் நன்றாகக் கனிந்த பழமாக எடு. முதல் தடவை சரியாக வராமல் போகலாம். எனக்கும் வரவில்லை.

மற்றபடி இங்கே நல்ல மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிறைகிறது, திறக்கப்போகிறார்கள் என்று செய்தியில் சொன்னால் நீ பதற வேண்டாம். தண்ணீர் போவது நமக்கு அந்தப் பக்கம். மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. குளியலறைச் சுவரில் இடது கைப் பக்கம் ஒரு பிடிக் கம்பி போடச் சொல்லியிருக்கிறேன். சமையலறையில் உன் உயரத்துக்கு ஒரு மேசையும் வந்திருக்கிறது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

கேட்காதே என்று நீ சொன்னாய். அதனால் நான் கேட்கவில்லை. பதில் போட முடிந்தால் போடு, வேல்விழியை எழுதச் சொல்லாதே, நீயே இடது கையால் எழுது. எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும். கீழே இருக்கும் கையெழுத்து நான் இடது கையால் போட்டது, அதைவிட மோசமாக யாராலும் எழுத முடியாது. நிறைய எழுத வேண்டாம். ஒரு தேதி மட்டும் எழுது, போதும்.

உன் இரண்டு கைகளும் நன்றாக இருக்கட்டும்.

உன்,
நடேசன்