வேண்டாத சத்தம்

மஸ்கட்

அன்புள்ள தங்கமணிக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலியும் மாமாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது. கவலைப்படாதே, தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது போன்தான், நானில்லை.

ரிஷிவந்தியம் நூலகத்தில் எடுத்த நாவலை நீ சத்தமாகப் படித்து எனக்கு அனுப்பினாயே, அதை அறையில் கூட இருக்கும் கடலூர்ப் பன்னீருக்கும் கேட்கக் கொடுத்திருந்தேன். பிடித்ததைப் பகிர்ந்த குற்றம் என்னுடையது. அவன் தன் வாசகர் குழுவில் போட்டுவிட்டான். முந்நூறு பேர் கேட்கிறார்களாம். உன் குரல் அருமையாம்.

நீ படித்தது என் போனோடு போயிற்று; உன் போனிலும் இடமில்லையென்று அழித்துவிட்டாய். அதனால் அவனிடமே வாங்கிக் கேட்டேன். குக்கர் விசில் இல்லை. நடுவில் நிறுத்தி, "இன்னாங்க, கேட்டுக்கினு கீறீங்களா, தூங்கிட்டீங்களா?" என்பாயே, அதுவும் இல்லை.

"கதைக்கு வேண்டாத சத்தத்தெல்லாம் வெட்டிட்டேண்ணே" என்று பல்லைக் காட்டினான். நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

கதை யாருக்கு வேண்டும்? நான் புதுப் போன் வாங்கியதும் மறுபடி படித்து அனுப்பு. அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து படி. இனி ஒருவனுக்கும் கொடுக்க மாட்டேன். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால், ரேஷன் கார்டையாவது படி.

உன்
தனசேகரன்