கஞ்சி போட்ட டூட்டூ

புதுச்சேரி,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சகாயசெல்விக்கு,

நலம். நீங்களும் உங்கள் தையல் மெஷினும் சண்டை போடாமல் இருக்கிறீர்களா?

சகாய மாதா திருநாளில், தேருக்குப் பின்னால் நடந்துகொண்டே, “என்னைக் கட்டிக்கிறீங்களா?” என்று கேட்டேன். “முதல்ல ஏதாச்சும் வேலை குடுங்க, பார்க்கலாம்” என்றீர்கள். இதோ, வேலையை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் வெங்கடாசலம் மரக்காணத்தில் இறக்கித் தருவார்.

எங்கள் நடனப் பள்ளியில் பாலே நடனம் வைக்கிறார்கள், உடைகளுக்கு நான் பொறுப்பு. கதை நூறு வருடத்துக்கு முந்தைய பாரீஸில் நடக்கிறது. ஜாஸ் பாட்டு ஊரையே ஆட்டிவைத்த காலம். அப்போது பெண்கள் வயிற்றை இறுக்கும் கச்சையைக் கழற்றி எறிந்துவிட்டார்களாம். அதனால் மேல்சட்டை தொளதொளவென்று இருக்கவேண்டும், இடுப்புத் தையல் கீழே இறங்கவேண்டும், ஓரமெல்லாம் மணி தொங்கவேண்டும். கீழே டூட்டூ என்ற குட்டைப் பாவாடை, மெல்லிய பருத்தித் துணியில் அடுக்கடுக்காக. அது மட்டும் தட்டு மாதிரி விறைப்பாக நிற்கவேண்டும். உள்ளே கம்பி கூடாது, கஞ்சிதான்.

போனிலேயே சொல்லலாம். ஆனால் நீங்கள் போனை எடுத்தால் உங்கள் அண்ணியின் காதும் கூடவே வருகிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஆரோக்கிய பிரபு


மரக்காணம்,
9 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய பிரபு சார் அவர்களுக்கு,

துணி வந்தது. டூட்டூ என்று ஒரு தரம் சொல்லிவிட்டேன், அண்ணன் பிள்ளைகள் அன்றிலிருந்து வீட்டுக்குள் ரயில் ஓட்டுகிறார்கள். இடுப்பை இவ்வளவு கீழே இறக்கித் தைத்தால் எங்கள் ஊரில் அளவு தெரியாத டைலர் என்பார்கள். உங்கள் பாரீஸை நம்பி வெட்டுகிறேன்.

நீங்கள் கேட்ட மற்ற விஷயம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்து, “தையல் பிரமாதம், பொண்ணு தங்கம்” என்று சொல்லிவிட்டுப் போய், அப்புறம் ஆள் விட்டு வேண்டாம் என்றவர்கள். இனிப்பாகப் பேசும் ஆண்களைப் பார்த்தாலே எனக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் ஒன்று. என் வேலையில் குறை இருந்தால் என் முகத்துக்காக மறைக்கக் கூடாது. நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்று பார்த்துத்தான் என் பதில்.

இப்படிக்கு,
சகாயசெல்வி


புதுச்சேரி,
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்விக்கு,

மூட்டையைப் பிரித்தேன். தையல் ஒழுங்கு, மணி வரிசையும் அழகு. ஆனால் பாவாடை ஒன்றுகூட நிற்கவில்லை. மழையில் நனைந்த கோழி மாதிரி தொங்குகின்றன. இஸ்திரி போட்டுப் பார்த்தேன், அரைமணியில் மறுபடி தொய்ந்துவிட்டன. இப்படியே மேடை ஏற்ற முடியாது.

இதை எழுதாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். எழுதினால் உங்களை இழப்பேனோ என்று பயம். மறைத்தாலும் இழப்பேன். அதனால் எழுதிவிட்டேன்.

பாலே சொல்லித்தரும் டீச்சர் சிவசங்கரி ஊரில் இல்லை, திங்கட்கிழமை வந்து பார்ப்பார்.

பிரபு


மரக்காணம்,
24 ஆகஸ்ட் 2025

பிரபு சாருக்கு,

கோழியா? காலையெல்லாம் உங்கள் மேல் கோபம். சாயங்காலம் என் மேல் திரும்பிவிட்டது.

தப்பு என்னுடையது. கஞ்சிக்கு நான் எப்போதும் லாரித் தண்ணீர்தான் பிடிப்பேன். அந்த வாரம் லாரி வரவில்லை. அவசரத்தில் போர் தண்ணீரில் காய்ச்சிவிட்டேன். வீட்டுக்குப் பின்னாலேயே உப்பளம். எங்கள் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. துணியில் உப்பு ஏறினால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், பிறகு எங்கே விறைக்கும்? உப்பளத்துப் பெண் செய்கிற காரியமா இது! அண்ணி விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

திருப்பி அனுப்புங்கள். அலசி, நல்ல தண்ணீரில் கஞ்சி போட்டுத் தருகிறேன்.

சகாயசெல்வி


புதுச்சேரி,
1 செப்டம்பர் 2025

அன்புள்ள செல்வி,

அனுப்ப மாட்டேன்!

டீச்சர் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பாவாடைகளைக் காட்டினேன். அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “பிரபு, யாருங்க தைச்சது? சரியா அந்தக் காலத்து டூட்டூ!” என்றார். பழைய போட்டோக்களைக் காட்டினார். பவுடர் போடும் பஞ்சு மாதிரி மெத்தென்று, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் தழைந்துதான் கிடக்கிறது. தட்டு மாதிரி நிற்பதெல்லாம் பின்னால், உள்ளே கம்பி வளையம் வந்த பிறகாம். நான்தான் ஏதோ கேக் மேல் பார்த்த பொம்மையை நினைத்துக்கொண்டு உங்களை விரட்டியிருக்கிறேன். மன்னியுங்கள்.

நேற்று நிகழ்ச்சி. ஜாஸ் பாட்டுக்குப் பெண்கள் சுற்றினார்கள் பாருங்கள், பாவாடைகளும் கூடவே குலுங்கிக் குலுங்கி ஆடின. கைதட்டல் ஓயவில்லை. நான் பைத்தியம் மாதிரி விசில் அடித்தேன். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அழுகையும் வந்தது.

நான் சொன்ன குறையே தப்பாகிவிட்டது. இனி என் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்களோ?

உங்கள்
பிரபு


மரக்காணம்,
4 செப்டம்பர் 2025

அன்புள்ள பிரபுவுக்கு,

கடிதத்தை அண்ணிக்கே சத்தமாகப் படித்துக் காட்டினேன். இனி ஒட்டுக்கேட்க அவருக்கு வேலை இல்லை.

நீங்கள் சொன்ன குறை தப்பாக இருக்கலாம். பயந்துகொண்டே சொன்னீர்களே, எனக்கு அது போதும். தப்பென்று தெரிந்ததும் அதையும் நீங்களே எழுதினீர்கள். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வரும் ஞாயிறு பூசைக்கு வாருங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் எடுத்து வாருங்கள், பங்குச் சாமியார் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு முதல் கோயிலில் நமக்கு ஓலை வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று வாரம் கேட்பார்.

எனக்கு ஒரு தடையும் தெரியாது.

உங்கள்
செல்வி