இருக்கிறேன் என்று எழுதியவர்கள்

மார்ச் 11, திங்கள்

காலையிலிருந்து டே ஆற்றுப் பக்கமிருந்து காற்று. கீழ்வீட்டு கோவன் மாடிப்படி விளக்கை மறுபடியும் அணைக்காமல் போயிருக்கிறார். சொல்லமாட்டேன். நினைவில் வைத்துக்கொள்வேன்.

‘பனிச்சிறை’ பற்றிப் புது அறிவிப்பு வந்திருப்பதாக மின்னஞ்சல். நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று, வேலையை முடித்துவிட்டுப் படிக்க ஒதுக்கி வைத்தேன்.

படித்தேன். தூக்கம் வராது.

மார்ச் 12

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஐல்சா ராட்ரே என்ற பெண்மணி, இதே டண்டீ நகரத்தில், ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஒரு கணினி விளையாட்டு செய்ய ஊர் உலகத்திடம் இணையத்தில் பணம் கேட்டார். துருவக் கடலில் உறைந்து நின்றுவிட்ட திமிங்கில வேட்டைக் கப்பல். வசந்தம் வரும்வரை மாலுமிகளை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதுதான் ஆட்டம். முன்பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு வாக்கும் கொடுத்தார்: ஆட்டம் நேராக உங்கள் கைக்கு வரும், பூட்டு இருக்காது, இணையம் வேண்டாம். நான் கொடுத்தேன். தம்பி இன்னஸும் கொடுத்தான்.

நேற்றைய அறிவிப்பு: பெல்விக் என்ற இணையக் கடையோடு ஒப்பந்தமாம். ஒரு வருடத்துக்கு அங்கே மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடை இணையம் வழியாக, நீ யார் என்று நம்மைக் கேட்கும். ‘உங்களோடு சேர்ந்து கொண்டாடுகிறோம்’ என்று வேறு எழுதியிருக்கிறார்.

இன்னஸ் வட கடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறான். மூன்று வாரம் கடல், மூன்று வாரம் கரை. அங்கே இணையம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பவே மூச்சு வாங்கும். பல வருடங்களாக நாங்கள் இருவரும் எந்த ஆட்டமானாலும் ஒன்றாகத்தான் ஆடுகிறோம். கடலில் இருக்கும்போது அவன் ஆடுவான். கரைக்கு வந்ததும் விட்ட இடத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பான், நான் தொடர்வேன். திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்வான். வாசலில் நின்றே கொடுப்பான், வாசலில் நின்றே வாங்குவான். அம்மாவின் வீட்டை விற்றதிலிருந்து எங்களுக்குள் பேச வேறெதுவும் இல்லை.

பூட்டுப் போட்டால் இதுவும் கிடையாது. அந்தம்மாவுக்கு என்ன, ஒரு கடையை மாத்திருக்காங்க. எனக்கு ஒரு தம்பி போறான்.

மார்ச் 13

ஆதரவாளர்கள் எழுதும் பக்கம் பற்றி எரிகிறது. இன்னஸ்கூடக் கடல் நடுவிலிருந்து எழுதியிருக்கிறான். அச்சேற்ற முடியாத வார்த்தைகள், நடுவில் இரண்டு எழுத்துப்பிழை. பிழைகளைத் திருத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். 

மார்ச் 15, வெள்ளி

ராட்ரேயின் அறிவிப்பு. வருத்தம் உள்ளவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்படும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

என்ன ஒரு பெருந்தன்மை.

மார்ச் 19

பக்கம் அடங்கிவிட்டது. நாலு நாளில் எப்படி? கோபம் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? என் கோபம் ஆறியதே இல்லையே.

இன்றுதான் புரிந்தது. அந்தத் தளத்தின் விதி அப்படி. பணம் உள்ளே இருப்பவர்கள் மட்டுமே அங்கே எழுதலாம். திரும்ப வாங்கியவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. அதிகம் கோபப்பட்டவர்கள்தான் முதலில் வாங்கியிருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் ‘கவலைப்படாதீங்க ஐல்சா, நாங்க இருக்கோம்’ என்று இதயம் போடுகிற கூட்டம். ‘உரையாடல் ஆரோக்கியமான நிலைக்கு வந்திருக்கிறது’ என்கிறார் ராட்ரே.

நான் பாடம் நடத்திய வரலாற்றுத் துறையை மூடியபோது பல்கலைக்கழகமும் இதைத்தான் செய்தது. எதிர்த்தவர்களுக்கெல்லாம் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அன்று அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, இன்று பிறருடைய பாடநூல்களுக்குச் சொல்லடைவு போட்டுப் பிழைக்கிறேன்.

இந்த முறை போகமாட்டேன்.

மார்ச் 23, சனி

இன்னஸ் கரைக்கு வந்தான். பேக்கரியிலிருந்து இறைச்சி அடைத்துச் சுட்ட பிரைடி, சாதா ஒன்று, வெங்காயம் போட்டது ஒன்று, காகிதப் பையில் எண்ணெய் கசிய. வழக்கம்போல் வாசலிலேயே நின்றான்.

“பணத்த வாங்கிட்டேன்டா.”

“எப்ப?”

“தர்றேன்னு சொன்ன அன்னிக்கே. மறுபடி ஒரு தடவ திட்டினேன், கையோட வாங்கிட்டேன்.”

“வாங்கினா வாய மூடிருவாங்கன்னு தெரியாதா?”

“என் வாய மூட எவன்டா இருக்கான்?”

“போய் எழுதித்தான் பாரேன்.”

கைபேசியை எடுத்துத் தட்டினான். மறுபடி தட்டினான். கதவு திறக்காத சாவியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ வாங்கலியா?”

“வாங்கல. இருக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

“உன் பொண்டாட்டியா இருந்தாளே ஷோனா, அவ இதக் கேக்கணும். அவ வீட்டுலேர்ந்து மட்டும் ஒரே நாள்ல பெட்டியத் தூக்கிட்டு வந்தியே.”

கதவைச் சாத்தினேன். வெங்காய பிரைடி அவன் கையோடு போய்விட்டது.

மார்ச் 24

எழுதிவிட்டேன். நாலே வரி. ‘பணத்தைத் திரும்ப வாங்காதீர்கள். வாங்கினால் நம் இடத்தை நாமே காலி செய்கிறோம். யாரையும் திட்ட வேண்டாம். பூட்டில்லாமல் தருகிறேன் என்ற வாக்கு நிறைவேறும்வரை தினமும் ஒரே ஒரு வார்த்தை எழுதுவோம்: இருக்கிறேன்.’

அத்தனை வருடம் வகுப்பில் வருகை எடுத்தவன். இது எனக்கு வரும்.

மார்ச் 25

ஏழு பேர். இருக்கிறேன்.

மார்ச் 27

‘கெழட்டுக் கஞ்சப்பயலே, முழுப் பணமும் தர்றாங்க, இன்னும் என்னய்யா வேணும் உனக்கு?’ என்று ஒருவன். பதில் எழுதக் கை துறுதுறுத்தது. நல்ல பதில், மூன்று பத்தி, மனத்துக்குள் முழுதாக எழுதி முடித்தேன். பிறகு ‘இருக்கிறேன்’ என்று மட்டும் போட்டேன். நானா இது?

ஏப்ரல் 4, வியாழன்

திரையை நகர்த்த நகர்த்தப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. போர்ச்சுகலிலிருந்து ஒருவர். ஒசாகாவிலிருந்து ஒரு தாதி, இரவுப் பணி முடிந்ததும் எழுதுகிறாராம். ஷெட்லாண்டில் இணையமே சரியாக இல்லாத ஒரு தீவுக்காரர் கடைத்தெருவுக்கு நடந்துபோய் எழுதிவிட்டு வருகிறார். இதயம் போட்ட கூட்டத்திலிருந்தும் சிலர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். விளையாட்டுச் செய்தித் தளம் ஒன்று பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறது. என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

இருந்தாலும் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது நிமிர்ந்துதான் நின்றேன். மறைப்பானேன், பெருமையாக இருக்கிறது.

ஏப்ரல் 13, சனி

இன்னஸ் இன்று கடலுக்குக் கிளம்புகிறான். பேக்கரி வரிசையில் இருவரும் நின்றோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

“நீங்கதானே லாக்லன் மன்ரோ?”

திரும்பினேன். ஐல்சா ராட்ரே. படத்தில் பார்த்ததைவிடக் களைத்த முகம்.

“தினம் காலைல காபி குடிக்கறப்ப பக்கத்துல இருக்கிற உங்க படத்துலதான் முழிக்கிறேன். எங்க ஆபீஸ்ல உங்களுக்குப் பேரே வச்சாச்சு. வாத்தியார்.”

இன்னஸ் சிரித்தான்.

“ஆட்டத்துல, பல்லு விழாம இருக்க மாலுமிங்க குடிக்கிற எலுமிச்சைச் சாறு கெட்டுப்போற கணக்கு தப்புன்னு மெயில் போட்டதும் நீங்கதானே?”

“ஆமா. திருத்திட்டீங்க. ஒரு நன்றிகூடச் சொல்லல.”

“ரெண்டு வருஷமா அத மனசுல வச்சிருக்கீங்களா?”

“சின்ன வயசுல இவன் போட்ட வரைபடத்த நான் கிழிச்சதையே இன்னும் வச்சிருக்கான்மா,” என்றான் இன்னஸ்.

அவர் சிரிக்கவில்லை. “பெல்விக் பணம் வரலேன்னா அஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நான் ஒண்ணும் வில்லி இல்லங்க.”

எனக்குள் மூன்று பத்தி தயாராக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு இன்னஸின் தோளைப் பிடித்தேன். “இவன் இன்னிக்குக் கடலுக்குப் போறான். உங்க கடை அங்க திறக்காது. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆடுறவங்க. எங்களுக்குள்ள அது ஒண்ணுதாங்க இருக்கு. முன்னாடியே குடுத்தவங்களுக்கு மட்டும் பூட்டில்லாம தரலாமான்னு பெல்விக்கைக் கேட்டீங்களா?”

இன்னஸ் என்னையே பார்த்தான்.

“கேக்கல,” என்றார் அவர்.

“ஏன்?”

“கேட்டா ஒப்பந்தமே போயிடுமோன்னு பயம்.”

“எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு காட்டிக் கேளுங்க.”

“வழக்கு முடிஞ்சுதா கண்ணுங்களா?” என்றாள் கல்லாவில் இருந்தவள். “பின்னாடி வரிசை தெருவுக்குப் போயிடுச்சு.”

ஏப்ரல் 30, செவ்வாய்

பெல்விக் ஒத்துக்கொண்டது. பணத்தைத் திரும்ப வாங்காமல் இருக்கும் அத்தனை பேருக்கும், ஆட்டம் வெளிவரும் நாளிலேயே பூட்டில்லாத பிரதி நேராக வரும்.

வாங்கியவர்களுக்குக் கிடையாது. இன்னஸுக்குக் கிடையாது.

அறிவிப்பில் என் பெயர் இல்லை. பரவாயில்லை. இல்லை, அப்படி ஒன்றும் பரவாயில்லை. பக்கத்தில் ஒசாகாத் தாதி எழுதியிருக்கிறார்: ‘ஐயா, இன்றும் இருக்கிறேன். பழக்கமாகிவிட்டது.’

இரவு தனியாக ஒரு மின்னஞ்சல். ஒரே வரி. ‘எலுமிச்சைச் சாறுக்கு நன்றி. ராட்ரே.’

மே 4, சனி

“எனக்கு இல்லல்ல?” என்றான் இன்னஸ், வாசலில்.

“இல்ல. கைய அடக்கிப் பணத்த வாங்காம இருந்திருந்தா கிடைச்சிருக்கும்.”

“சொல்லிக் காட்டாதடா.”

“சொல்லிக் காட்டுவேன். உள்ள வா, காத்து அடிக்குது.”

வந்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

நவம்பர் 7, வியாழன்

வந்துவிட்டது. ஆட ஆரம்பிக்கவில்லை. கடைசியில் வரும் ஆதரவாளர் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தேன். மன்ரோ என்று ஒருவன்தான். எனக்கு மேலே இன்னஸ் வந்திருக்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

மொத்த ஆட்டத்தையும் பென் டிரைவில் ஏற்றி அவன் கையில் கொடுத்தேன்.

“நீ இன்னும் ஆடலியா?”

“நீ ஆரம்பி.”

“பணம் கட்டினவன் நீ, பேரு உன் பேரு.”

“ஹெலிகாப்டருக்கு நேரமாச்சு, போடா.”

நவம்பர் 30, சனி

இன்னஸ் வந்தான். மேடையில் இரவெல்லாம் புயலாம். இணையம் ஒரு வாரமாக இல்லையாம். ‘ஆனா கப்பல் ஓடுச்சுடா’ என்றான். கப்பல் ஓடவில்லை, உறைந்து நிற்கிறது என்று திருத்தினேன்.

விட்ட இடத்தைத் திறந்தேன். நடுக்குளிர்காலம். விறகு பாதி. எலுமிச்சைச் சாற்றை வாரி இறைத்திருக்கிறான், மடையன். மாலுமிகளுக்கு நாமே பெயர் வைக்கலாம் போலிருக்கிறது. சமையல்காரன் பெயர் லாக்லன். இரண்டு பல் விழுந்துவிட்டது, கால் வீங்கியிருக்கிறது, யாரோடும் ஒத்துப்போவதில்லை. குறிப்பில் இன்னஸ் எழுதியிருக்கிறான்: ‘பனியில் நடந்து தப்பிக்க ஆள் அனுப்பியபோது இவன் போகமாட்டேன் என்றான். இவன் இருப்பதால் மற்றவர்களும் இருக்கிறார்கள்.’ எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

பென் டிரைவைக் கொடுத்துவிட்டு அவன் போகவில்லை. சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, “ஆடு, பாக்குறேன்” என்றான். வெங்காய பிரைடியை எனக்கு வைத்திருந்தான்.

ஆட்டத்தில் பொழுது விடிந்தது. கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் வரிசையாக வந்து நின்றார்கள், காலை வருகைப் பதிவு. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின.

“லாக்லன்?” என்றான் இன்னஸ், கண்ணை மூடியபடியே.

வாய்விட்டுப் பதில் சொன்னேன்.